தமிழ்ப் புத்தகத்துக்குச் சொல்லடைவு: மார்க்டவுன், ஆஸ்கிடாக் கோப்புகளிலிருந்து

(மன்றத்தில் மதகடி, அடிக்குறிப்பு, பிழைதிருத்தி என்ற மூவர் பேசிக்கொண்டது)

மதகடி, பிப்ரவரி 4

ஏரிப் பாசனம் பற்றி ஒரு புத்தகம். 240 பக்கம் வரும். அத்தியாயத்துக்கு ஒரு மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை வடிவம்) கோப்பு. அச்சுக்கு பிடிஎஃப், கூடவே ஈபப் மின்னூலும் இணையப் பக்கமும். கடைசியில் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் அகர வரிசைப் பட்டியல்) வேண்டும் என்கிறார் பதிப்பாளர். மார்க்டவுனில் அதற்கென்று குறியே இல்லை. சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, ஸ்கிரிப்ட் வைத்துத் தேடி, பக்க எண் போட்டுவிட்டால் போதாதா? இடத்துக்கு இடம் கையால் குறி வைக்க எதற்கு மெனக்கெட வேண்டும்?

அடிக்குறிப்பு, பிப்ரவரி 4

போதாது. உங்கள் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

"ஆறு" என்று தேடினால் நதியும் வரும், எண்ணும் வரும். ஆற்றில், ஆற்றை, ஆற்றங்கரை எதுவும் வராது. "குளம்" தேடினால் குளத்தில், குளங்கள் விடுபடும். "ஏரி" தேடினால் பொன்னேரி சிக்காது, அங்கே ஏகாரம் னகரத்தோடு ஒட்டிவிட்டது. "மடை" தேடினால் மடைப்பள்ளியும் வரும், மடையனும் வருவான்.

முழுச்சொல்லாகத் தேடினால் சரியாகும் என்று நினைப்பீர்கள். பைதான் நிரல்மொழியில் உள்ளமைந்த, வடிவம் கொடுத்துத் தேடும் தேடுகோவை நூலகம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அதனால் சொல்லின் நடுவிலேயே சொல் எல்லை விழும். அதற்கு மாற்றாகத் தனியே நிறுவும் ரீஜெக்ஸ் நூலகம் இதைச் சரியாகச் செய்கிறது.

இதெல்லாம் சரியானாலும் ஒன்று மிச்சம். சொல் வருகிற இடம் வேறு, அந்தப் பொருளைப் பேசுகிற இடம் வேறு. மதகுக் கசிவைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பீர்கள், "மதகு" என்ற சொல் அதில் ஒரு தடவைகூட வராது. முன்னுரையில் போகிற போக்கில் வந்த "மதகு"க்கு அடைவில் இடம் தேவையில்லை. ஸ்கிரிப்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

குறி வைக்க வேண்டிய இடங்களைக் கண்டுபிடிக்கத் தேடலைப் பயன்படுத்துங்கள். குறி வைப்பது கையால்தான்.

பிழைதிருத்தி, பிப்ரவரி 5

மார்க்டவுனை விட்டுவிட்டு, அதைப் போன்ற இன்னொரு குறிமொழியான ஆஸ்கிடாக்குக்கு மாறிவிடலாமே? அதில் அடைவுக் குறி மொழியிலேயே இருக்கிறது. ((மதகு)) என்று எழுதினால் சொல் வரியிலும் தெரியும், அடைவுக்கும் போகும். (((மதகு, பழுது பார்த்தல்))) என்று மூன்று அடைப்பு போட்டால் வரியில் தெரியாது, அடைவுக்கு மட்டும் போகும். மூன்று நிலை வரை இறங்கலாம். முடிவில் இண்டெக்ஸ் பாணியில் வெறும் தலைப்போடு ஒரு பகுதி வைத்தால் ஆஸ்கிடாக்கைப் பிடிஎஃபாக்கும் ஆஸ்கிடாக்டர் பிடிஎஃப் கருவி தானே நிரப்பிக்கொள்ளும்.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 5

குறியமைப்பு அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழுக்கு ஆஸ்கிடாக்டர் பிடிஎஃப் வேண்டாம். அதற்கு அடியில் இருப்பது ப்ரான் என்கிற ரூபி நிரல்மொழி நூலகம். இந்திய எழுத்துகளுக்குத் தேவையான, குறிகளை இடம் மாற்றிக் கோக்கும் வேலையை அது செய்வதில்லை. "கெ" என்றால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கொ" என்றால் இன்னும் கோரம். எழுத்துருவை மாற்றினாலும் தீராது.

ஆஸ்கிடாக்தான் வேண்டுமென்றால் டாக்புக்காக (புத்தகங்களுக்கான எக்ஸ்எம்எல் வடிவம்) வெளியிட்டு அங்கிருந்து போங்கள். ஆஸ்கிடாக்டரின் சாதாரண எச்டிஎம்எல் வெளியீடு அடைவைத் தயாரிக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். கேட்டவருக்கு ஈபப், இணையம் இரண்டும் வேண்டுமே.

வடிவம் மாற்றும் கருவியான பாண்டாக் வழியாக, லேடெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் வகைக்குப் போனால் எழுத்து ஒழுங்காக வரும். லுவாலேடெக்கில் எழுத்துருவை அறிவிக்கும்போது எழுத்துகளைக் கோக்கும் ஹார்ஃப்பஸ் ரெண்டரரைக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 5, இரவு

ஆஸ்கிடாக்கில் தொடர்கிறவர்களுக்குச் சில விஷயம், பிறகு இதை விட்டுவிடுகிறேன்.

இரட்டை அடைப்பைத் தமிழில் அநேகமாகப் பயன்படுத்தவே முடியாது. வாக்கியத்தில் "மதகை", "மதகிலிருந்து" என்றுதான் வரும். ((மதகிலிருந்து)) என்று எழுதினால் அடைவில் "மதகிலிருந்து" என்றே தலைச்சொல் விழும். எப்போதும் மூன்று அடைப்பு, உள்ளே தலைச்சொல்லின் எழுவாய் வடிவம், உடனே ஒட்டி வாக்கியம்: (((மதகு)))மதகிலிருந்து நீர்.

மறைகுறியைத் தனி வரியில் எழுதி அடியில் ஒரு வெற்று வரி விட்டால் அது தனிப் பத்தியாகி, வெளியீட்டில் காரணமில்லாத இடைவெளி வரும். பத்தியின் முதல் வரியோடு சேர்த்தே வையுங்கள்.

பதிவுக்குள் காற்புள்ளி வந்தால் மேற்கோள் போடணும்: (((ஏரி, "வீராணம், கடலூர் மாவட்டம்"))). இல்லையென்றால் கடலூர் மாவட்டம் மூன்றாம் நிலைக்குப் போய்விடும்.

"காண்க" வேண்டுமென்றால் (((கலுங்கு >> கலிங்கு))). "மேலும் காண்க" என்றால் (((ஏரி &> கண்மாய் &> குளம்))). குறிகளின் இருபுறமும் இடைவெளி கட்டாயம். டாக்புக் வெளியீட்டில் இவை ஒழுங்காகப் போகின்றன.

மதகடி, பிப்ரவரி 6

சரி, மார்க்டவுன், பாண்டாக், ஸீலேடெக். லேடெக்கின் இண்டெக்ஸ் கட்டளையை நேரே மார்க்டவுனுக்குள் எழுதிவிட்டேன். பிடிஎஃபில் வேலை செய்கிறது. ஈபப்பில் ஒன்றுமே இல்லை.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 6

அப்படித்தான் ஆகும். பச்சை லேடெக்கைப் பாண்டாக் லேடெக் வெளியீட்டுக்கு மட்டும் கடத்தும், மற்றதில் சத்தமில்லாமல் கழித்துவிடும். எல்லா வெளியீட்டுக்கும் பொதுவான குறியாக ஸ்பானை (வரியின் ஒரு துண்டுக்குப் பண்பு ஒட்டும் உறை) வையுங்கள்: சதுர அடைப்புக்குள் வரியில் வரும் சொல், ஒட்டினாற்போல் சுருள் அடைப்புக்குள் வகுப்பும் தலைச்சொல்லும். வகுப்புப் பெயர், பண்புப் பெயர் இரண்டும் ரோமன் எழுத்தில் இருக்கட்டும். மதிப்பை மட்டும் மேற்கோளுக்குள் தமிழில் கொடுங்கள். உள்தலைப்பைப் பிரிக்க ஆச்சரியக்குறி போதும், "மதகு!கசிவு" என்பதுபோல். சதுர அடைப்பு காலியாகவும் இருக்கலாம், பத்தித் தொடக்கத்தில் வைக்க அதுதான் வசதி.

பிறகு ஒரு லுவா வடிகட்டி, அதாவது பாண்டாக் ஓடும்போது குறிகளை மாற்றித் தரும் சின்ன நிரல். லேடெக் என்றால் ஸ்பானை இண்டெக்ஸ் கட்டளையாக மாற்றும். ஈபப், எச்டிஎம்எல் என்றால் ஸ்பானுக்கு வரிசை எண்ணில் ஓர் அடையாளம் கொடுத்து, தலைச்சொல்லோடு அட்டவணையில் சேர்த்துக்கொண்டே போகும். கடைசியில் அட்டவணையை வரிசைப்படுத்தி, இணைப்புகளோடு ஆவண முடிவில் ஒட்டும். அறுபது, எழுபது வரிக்குள் முடிந்துவிடும்.

இதில் எல்லாரும் விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. ஈபப்பில் பக்க எண் கிடையாது, ஆகவே "5.3" என்று பகுதி எண்ணைக் காட்டலாம் என்று தோன்றும். தலைப்பு வரும்போது எண்ணைக் குறித்துவைத்து, ஸ்பான் வரும்போது அதை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதுவீர்கள். எல்லாப் பதிவுக்கும் பகுதி எண் காலியாக வரும். பாண்டாக் இயல்பாக ஆவணம் முழுக்க வரியுள் கூறுகளை முதலில் முடித்துவிட்டுத்தான் பத்தி, தலைப்பு போன்ற தொகுதிகளுக்கு வருகிறது. ஸ்பான்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகே தலைப்பு கண்ணில் படும். வடிகட்டியில் டாப்டவுன் நடையைக் கேட்டால் மேலிருந்து கீழே ஆவண வரிசையில் போகும். 2.17க்கு முந்தைய பதிப்பு என்றால் அந்த வசதி இல்லை, தொகுதிகளை நீங்களே சுற்றிவர வேண்டும்.

தலைப்பு வரிக்குள் குறி வைக்காதீர்கள். லேடெக்கில் தலைப்பு உள்ளடக்கப் பக்கத்துக்கும் நகலாகும், குறி அதில் கலக்காமல் இருப்பது நல்லது. தலைப்புக்குக் கீழ் முதல் பத்தியில் வையுங்கள்.

பிழைதிருத்தி, பிப்ரவரி 7

ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவி பற்றி யாரும் பேசவில்லையே. இணையத்துக்கு அதைவிடச் சுலபம் கிடையாது. "பேர்" (pair, ஜோடி) என்று கொடுத்து மதகு; கசிவு என்றால் மதகின் கீழ் கசிவும், கசிவின் கீழ் மதகும் இரண்டு பதிவாகத் தானே விழும். முக்கியமான இடத்துக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டால் அந்த இணைப்பு தடித்துத் தெரியும். கலைச்சொல் பட்டியலில் உள்ள சொற்கள் தானாகவே அடைவில் சேரும்.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 7

உண்மை. ஆனால் அந்த வசதி ஸ்பிங்க்ஸுடையது, அதற்கு அடியிலிருக்கும் வெறும் டாக்யுடில்ஸில் கிடைக்காது. ஸ்பிங்க்ஸும் யூனிகோடு எண் வரிசையில்தான் அடுக்கும். அதுதான் அடுத்த தலைவலி.

ஈமேக்ஸ் திருத்தியின் ஆர்க் மோடில் எழுதுகிறவர்களுக்கும் ஒரு வரி: தனி வரியில் இண்டெக்ஸ் சாவிச்சொல், பிறகு மதகு!கசிவு. லேடெக் ஏற்றுமதியில் அது நேரே இண்டெக்ஸ் கட்டளையாகும்.

மதகடி, பிப்ரவரி 9

அடைவு வந்துவிட்டது, வரிசைதான் விநோதம். பகல் முதலில், பக்கம் பிறகு. ஃபசலி எல்லாவற்றுக்கும் மேலே, அணைக்கும் முன்னால். "வள" என்று தொடங்குவது முடிந்த பிறகுதான் "வழ" வருகிறது. லேடெக்கோடு வரும் அடைவுக் கருவி மேக்இண்டெக்ஸ் எழுத்துத் தலைப்பும் போடவில்லை.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 9

யூனிகோடு அட்டவணையில் தமிழ் எழுத்துகள் நிற்கும் வரிசை அகராதி வரிசை அல்ல. அங்கே ஆய்தம் அகரத்துக்கும் முன்னால். ஜ என்பது ச, ஞ இரண்டுக்கும் நடுவில். ன என்பது ந-வுக்கு அடுத்து, பகரத்துக்கு முன். ற என்பது ர-வுக்கு அடுத்து. ல, ள, ழ, வ என்று ஒரு வரிசை. எல்லாவற்றையும்விடப் புள்ளி கடைசியில். அதனால்தான் "பக்" என்பது "பக" வரிசை முழுதும் முடிந்த பிறகு வருகிறது. நம் அகராதிகளில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு: பக்கம், பகல்.

மேக்இண்டெக்ஸ் 1980களின் கருவி, பைட் கணக்கில் பார்க்கும். யூடிஎஃப் 8இல் ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், அதில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றே. ஆகவே அதன் கண்ணுக்கு அகரமும் வகரமும் ஒரே குழு.

இரண்டு வழி.

ஒன்று, ஐசியு. மருத்துவமனை இல்லை, யூனிகோடு நூலகம். அதன் தமிழ் வரிசை மெய்யை முன்னால் வைக்கும். பைதானில் பைஐசியு நிறுவி, தமிழுக்கான கொலேட்டரை (வரிசைப்படுத்தியை) எடுத்து, அதன் திறவுகோலைக் கொண்டு அடுக்கலாம். லேடெக் பக்கம் அப்மெண்டெக்ஸ் இதே ஐசியுவைப் பயன்படுத்துகிறது.

இரண்டு, வரிசைத் திறவை (அடுக்குவதற்காகச் சொல்லுக்குத் தரும் எண்கோவையை) நீங்களே உருவாக்குவது. அ முதல் ஔ வரை 01 முதல் 12. ஆய்தம் 13. க 14இல் தொடங்கி க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன, கடைசி 31. பிறகு ஜ 32, ஶ 33, ஷ 34, ஸ 35, ஹ 36. ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்கம்: முதல் இரண்டு எழுத்தின் எண், அடுத்த இரண்டு அதன் மேல் ஏறிய உயிர், புள்ளி என்றால் 00, அகரம் 01. தனி உயிருக்குக் கடைசி இரண்டும் 00.

பக்கம்: 2201 1400 1401 2300
பகல்: 2201 1401 2600

இடைவெளி உங்கள் கண்ணுக்காக, திறவில் வேண்டாம். முதல் நான்கு இலக்கமும் சமம், அடுத்த நான்கில் 1400 முந்துகிறது. இதை @ குறிக்கு முன்னால் வைத்து, பின்னால் சொல்லை வைத்தால் மேக்இண்டெக்ஸ்கூட ஒழுங்காக அடுக்கும்.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்காவிட்டால் நாளைக்கு யாராவது வந்து திட்டுவார்கள். முழுக்க இலக்கமாக இருக்கும் திறவை மேக்இண்டெக்ஸ் எண்ணாக எடுத்துக்கொள்ளும். அப்போது பத்து எழுத்துச் சொல் நாற்பது இலக்க எண். முன்னால் ஏதாவது ஒரு ரோமன் எழுத்தை ஒட்டிவிடுங்கள், சொல்லாகப் பாவித்து இடமிருந்து ஒப்பிடும்.

எல்லாத் திறவுக்கும் அதே எழுத்து முன்னால் இருப்பதால் க, ச, த என்று குழுத் தலைப்பு பிரியாது. தலைப்பு வேண்டுமென்றால் மேக்இண்டெக்ஸை விட்டுவிட்டு, லேடெக் எழுதித் தரும் பதிவுக் கோப்பைச் சின்னதொரு பைதான் நிரலில் வாசித்து, வரிசைப்படுத்தி, குழுவாக்கி, அடைவுக் கோப்பை நீங்களே எழுதிவிடுங்கள். பெல் ஆய்வகத்தில் ஜான் பென்ட்லியும் பிரையன் கெர்னிகனும் 1980களில் ஆக் (awk) என்ற மொழியில் எழுதிய நிரல்களைக் கோத்துச் செய்தது இதைத்தான்: உருவி எடு, அடுக்கு, ஒரே சொல்லின் எண்களைச் சேர், அச்சு வடிவம் கொடு. ஒவ்வொரு படியும் படிக்கக்கூடிய உரைக்கோப்பு, எங்கே கோளாறு என்று உடனே தெரியும்.

பிழைதிருத்தி, பிப்ரவரி 10

ஃபசலி எங்கே வரணும்? ஆய்தக் குழுவா, பகரமா?

அடிக்குறிப்பு, பிப்ரவரி 10

ப. வாசிக்கிறவர் அங்கேதான் தேடுவார். சொல்லின் முதலில் ஆய்தம் வந்தால் திறவில் அதை விட்டுவிடுங்கள். ஐசியுவுக்குக் கொடுக்கும்போதும் இதே வேலையை முன்னாடியே செய்யணும், அது தானாகச் செய்யாது.

மதகடி, பிப்ரவரி 12

"கொள்ளளவு" இரண்டு பதிவாக வருகிறது. பார்க்க அச்சு அசலாக ஒன்றேதான்.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 12

ஒகரக் குறியை ஒரே எழுத்தாகவும் தட்டலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, நிரலுக்கு இரண்டு சொல். எல்லாக் கோப்பையும் முதலில் என்எஃப்சி (யூனிகோடின் ஒருமைப்படுத்திய) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், இது சரியாகும்.

என்எஃப்சி சரி செய்யாதவையும் உண்டு. இணையத்திலிருந்து ஒட்டிய பகுதிகளில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற பிரிப்பான் ஒளிந்திருக்கும். அதைத் தேடி அழிக்கணும். ஸ்ரீ இரண்டு விதமாகக் குறிமுறையாக்கப்படுகிறது, ஸகரத்தோடு ஒன்று, 2005இல் யூனிகோடுக்கு வந்த ஶகரத்தோடு ஒன்று. ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள்.

பெரிய தொல்லை ஔகாரம். "கௌரவம்" என்பதை எகரக் குறியும் ளகரமுமாகத் தட்டியிருப்பார்கள். மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம் என்று கை வைத்தால் உங்கள் புத்தகத்தில் "வெள்ளம்" எல்லாம் போச்சு, "கெளுத்தி"யும் போச்சு. ளகரத்தின் மேல் புள்ளியோ வேறு குறியோ இருந்தால் தொடாதீர்கள். வெறும் ளகரமாக இருப்பதை மட்டும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து மாற்றுங்கள்.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 13

கருவி போதும், உள்ளடக்கத்துக்கு வருவோம். தலைச்சொல் பட்டியல் ஒன்றைத் தனி உரைக்கோப்பில் வையுங்கள். வரிக்கு ஒரு தலைச்சொல், பிறகு அதன் மாற்று வடிவங்கள், விதிவிலக்கான வரிசைத் திறவு இருந்தால் அதுவும். பட்டியலில் இல்லாத சொல்லுக்குக் குறி வைத்தால் வடிகட்டி பிழை சொல்லி நிற்கட்டும். பதினான்கு கோப்பு முடிவதற்குள் கலிங்கு, கலுங்கு, கலிங்கல் என்று மூன்று தலைச்சொல் முளைக்காமல் இருக்க இது ஒன்றுதான் வழி.

ஏரி, கண்மாய், குளம் மூன்றையும் ஒன்றாக்காதீர்கள். மதுரை, இராமநாதபுரம் பக்கத்து வாசகர் கண்மாயில்தான் தேடுவார். உள்ளடக்கம் உண்மையில் ஒன்றென்றால் ஒன்றிலிருந்து மற்றதற்கு "காண்க". ஆனால் போய்ச் சேரும் பதிவில் ஒரே ஒரு பக்க எண்தான் இருக்கிறதென்றால் "காண்க" போட்டு அலைக்கழிக்க வேண்டாம், இரண்டு இடத்திலும் எண்ணையே கொடுங்கள். வீரநாராயணன் ஏரி, வீராணம் ஏரி இரண்டிலும் "87" என்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

காண்கச் சுழலைச் சோதிக்க நான்கு வரி நிரல் எழுதிக்கொள்ளுங்கள். கண்மாய்: காண்க ஏரி. ஏரி: காண்க கண்மாய். அச்சான பிறகு பார்த்தால் சிரிப்பு வரும், பதிப்பாளருக்கு வராது.

ஒரு தலைச்சொல்லுக்கு ஆறுக்கு மேல் எண் சேர்ந்தால் உள்தலைப்பாகப் பிரியுங்கள். "மதகு 12, 19, 33, 41, 58, 77, 90, 112" என்பதை யாரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

பெயர்கள். சி. சுப்பிரமணியம் சகரத்தில்தான், ஆனால் "சுப்பிரமணியம், சி." என்று. பென்னிகுயிக், ஜான். காட்டன், ஆர்தர். அரசர்களுக்கு "முதலாம்" முன்னால் வேண்டாம், பராந்தகன், முதலாம். முதலாம்களையெல்லாம் மகரத்தில் கொட்டிவைத்த அடைவுகளும் உண்டு.

பிழைதிருத்தி, பிப்ரவரி 14

41, 42, 43 என்று வந்தால் 41–43 ஆக்கிவிடலாமா?

அடிக்குறிப்பு, பிப்ரவரி 14

பேச்சு தொடர்ச்சியாக ஓடினால் மட்டும். மூன்று பக்கத்திலும் தனித்தனியாக ஒரு வரி வந்திருந்தால் கூடாது. மேக்இண்டெக்ஸ் கேட்காமலே மூன்றும் அதற்கு மேலுமான அடுத்தடுத்த பக்கங்களை வீச்சாக்கும், தடுக்க ஆர் என்ற தெரிவைக் கொடுக்கணும். உண்மையான வீச்சுக்குத் தொடக்கத்தில் |( முடிவில் |) என்று நீங்களே குறியுங்கள். ஸ்பானில் அதற்கு இன்னொரு பண்பு, தொடக்கம் அல்லது முடிவு. தொடக்கம் இருந்து முடிவு இல்லாத பதிவுகளையும் வடிகட்டி கத்திச் சொல்லட்டும்.

மதகடி, பிப்ரவரி 17

பிடிஎஃப், ஈபப் இரண்டிலும் வந்துவிட்டது. அச்சில் அடைவு மட்டும் 19 பக்கம்! பதிப்பாளர் 8 பக்கத்துக்கு மேல் தர மாட்டார்.

அடிக்குறிப்பு, பிப்ரவரி 17

பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் போட்டிருக்கிறீர்களா? எழுத்து அளவைப் புத்தக உரையைவிட இரண்டு புள்ளி குறையுங்கள். வரிகளின் வல ஓரத்தை நேராக்க வேண்டாம், குறுகிய நெடுவரிசையில் தமிழ்ச் சொற்கள் நீளமாக இருப்பதால் சொல் இடைவெளி வாய் பிளக்கும். மடங்கும் வரி உள்தலைப்பைவிட உள்ளே தள்ளி வரணும், இல்லையென்றால் மடங்கிய வரியும் உள்தலைப்பும் ஒன்றாகத் தெரியும்.

இதிலேயே பாதி குறையும். மிச்சத்துக்கு வெட்டுங்கள். முதலில் ஒரே ஒரு எண் மட்டும் உள்ள உள்தலைப்புகள், தலைச்சொல்லோடு சேர்த்துவிடலாம். பிறகு முன்னுரை, நன்றியுரைக்குப் போகும் எண்கள். பிறகு புத்தகத் தலைப்பே தலைச்சொல்லாக இருக்கும் பதிவு: "ஏரிப் பாசனம்" என்பதன் கீழ் 40 உள்தலைப்பு இருக்குமே, அதைக் கலைத்து அந்தந்தச் சொல்லின் கீழ் போடுங்கள்.

ஈபப்பில் வெட்ட வேண்டியதில்லை. ஸ்பானில் "அச்சுக்கு வேண்டாம்" என்று ஒரு பண்பு சேர்த்தால் லேடெக் பக்கம் மட்டும் வடிகட்டி அதைத் தாண்டிப் போகும்.